பால்மா டின்னில் நூற்றெண்பத்தைந்து

புனித அந்தோனியார் துணை

கரடிமலைத் தோட்டம், மேல்கணக்கு,
கொஸ்லந்த.
20.06.2023

சஜீவனி மிஸ் அவர்களுக்கு,

அந்தோனியார் கோவில் கமிட்டிச் செயலாளர் கிருபாகரன் எழுதிக்கொள்வது. வெள்ளிக்கிழமை நாம் இருவரும் போனில் பேசியது பேச்சே இல்லை. நான் கத்தினேன், நீங்களும் கத்தினீர்கள், நடுவில் சிக்னல் போய்விட்டது. அதற்குப் பிறகும் நான் கொஞ்ச நேரம் தனியாகக் கத்திக்கொண்டு நின்றதாக ஜுனைதீன் நானா சொல்கிறார். அவருடைய கடை வாசலில்தான் எங்களுக்குச் சிக்னல் கிடைக்கும். "எதுவாக இருந்தாலும் எழுத்தில் தாருங்கள்" என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது காதில் விழுந்தது. ஆகவே எழுத்தில் தருகிறேன்.

கோவிலுக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது. பிளவுக்குள் என் கை முழங்கை வரை போகிறது. கோவிலைப் பிரித்து, தோட்டத்தின் அடிப்பக்கம் கீழ்க்கணக்கில் கட்டுவதற்குக் கமிட்டி சம்மதித்தாயிற்று. மூன்று சுவர் செங்கல், அது போனால் போகட்டும். முகப்புச் சுவரும் வாசல் வளைவும் பழைய கருங்கல் என்பதால், தொல்பொருள் அலுவலகத்திலிருந்து நீங்கள் வந்து அவற்றைக் கல் கல்லாக எடுத்து இருந்தபடியே திரும்ப வைக்கப் போகிறீர்கள். அதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் அளந்து, வரைந்து, எண் போட வேண்டும் என்கிறீர்கள். எல்லாம் சரி. பச்சைப் பெயின்டில் எண் போடுவதற்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டோம். "பின்பக்கம்தானே, சாந்துக்குள் மறைந்துவிடும்" என்றீர்கள். கூட்டத்தில் இதைச் சொன்னேன். மாரிசாமி அண்ணன் எழுந்தார். அவர் மாரியம்மன் கோவில்காரர், ஆனால் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தாத செவ்வாய்க்கிழமை அவருக்கு இல்லை. "நாளைக்கு எங்க ஆத்தா முதுகுலயும் நம்பர் அடிப்பாங்களா?" என்று கேட்டார்.

இன்னொன்று. இது கமிட்டி விஷயம் இல்லை. எனக்கு வயது முப்பத்தெட்டு. ஹாலிஎல மெடில்டாவுக்கும் எனக்கும் நிச்சயமாகி மூன்றரை வருடம். அவள் சம்மதம் சொன்னது அந்த வாசல் வளைவுக்குக் கீழேதான். "இதே வாசலால மாலையோட உள்ள போவோம்" என்று நானும் வாய் கொடுத்துவிட்டேன். முதலில் கொரோனா வந்தது, பிறகு பெற்றோல் இல்லை, இப்போது மலை. அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: நவம்பருக்குள் கலியாணம். டிசம்பரில் திருவருகைக் காலம், கோவிலில் கலியாணம் வைக்க மாட்டார்கள். தை பிறந்தால் அவர் வேறு மாப்பிள்ளை பார்ப்பாராம். மெடில்டாவோ வேறு எந்த வாசலும் வேண்டாம் என்கிறாள். பிடிவாதத்தில் அப்பாவும் மகளும் ஒரே அச்சு.

உங்களுக்கு அது கல். எனக்கு அது கலியாணம். பார்த்துச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கி. கிருபாகரன்


பதுளை
27.06.2023

திரு. கிருபாகரன் அவர்களுக்கு,

போனைவிடக் கடிதத்தில் நீங்கள் நல்ல மனிதர். இனி இப்படியே வைத்துக்கொள்வோம்.

பெயின்ட் வேண்டாம். தகரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, எண்ணைக் குத்தி, கட்டுக்கம்பியால் ஒவ்வொரு கல்லிலும் கட்டிவிடுகிறேன். உங்கள் சாமியின் முதுகில் ஒரு சொட்டுப் பெயின்டும் படாது. மாரிசாமி அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த முகப்பில் நூற்றெண்பத்தாறு கற்கள். ஒவ்வொன்றின் நீளம், உயரம், கனம், உளி பட்ட தடம் எல்லாவற்றையும் தனித்தனித் தாளில் எழுதுகிறேன். "எதுக்கு மிஸ் இத்தன கடதாசி, பாத்தாலே தெரியுதே" என்று நீங்கள் கேட்டீர்கள். சுவராக நிற்கும்போது எல்லாம் தெரியும். குவியலாகக் கிடக்கும்போது கல் பேசாது.

வளைவின் உச்சியில் நடுவே இருக்கும் கல்லில் ஒரு சிலுவையும் தேய்ந்துபோன எழுத்தும் இருக்கின்றன. அதைப் படி எடுக்க நல்ல வெயில் வேண்டும். மூன்று நாள் வந்தேன், மூன்று நாளும் பனிமூட்டம். எழுத்து தெரியவில்லை. அட்டை மட்டும் ஏழு கடித்தது.

கலியாணத்தைப் பற்றி எழுதியது நல்லது. என்னை நகரத்து மிஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்தான், ஹாலிஎலப் பக்கம். அந்தப் பக்கத்து அப்பாமாரை எனக்கு நன்றாகத் தெரியும். நவம்பர் என்றால் நவம்பர்தான். பயப்படாதீர்கள்.

சஜீவனி


புனித அந்தோனியார் துணை

மேல்கணக்கு
09.08.2023

அன்புள்ள சஜீவனி மிஸ்,

காய்ச்சல் எப்படி? கடைசி வளைவுக் கல்லை இறக்கிய அன்று நீங்கள் குடையைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டே "பத்திரம், பத்திரம்" என்று சொன்னீர்கள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் அலுவலக வேன் ஓட்டும் ஜாபிர் தம்பி உங்களையும் உங்கள் சாமான்களையும் வேனில் ஏற்றும்போது நீங்கள் கண்ணைத் திறக்கவேயில்லை. இங்கே எல்லாரும் உங்களுக்காகச் செபமாலை சொன்னார்கள்.

கற்களெல்லாம் லொறியில் கீழ்க்கணக்குக்கு வந்து, நீங்கள் சொன்னபடி வரிசையாக, தகடு வெளியே தெரிய, பலகை மேல் இருக்கின்றன. பெரட்டுக்குப் போகும் பெண்கள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்குமுன் ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். மேலே கோவில் இருந்த இடத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன், ஜுனைதீன் நானா வரைக்கும் தெரிந்திருக்கிறது.

கலியாணத் தேதி வைத்தாயிற்று. நவம்பர் இருபத்தைந்து. அழைப்பிதழில் இடம் என்ற இடத்தில் "புனித அந்தோனியார் ஆலயம், கரடிமலை" என்று அச்சடித்திருக்கிறோம். கோவில் வரப்போகும் இடத்தில் இப்போது கோப்பிச் செடியும் இரண்டு ஆடும்தான் நிற்கின்றன. உங்களை நம்பித்தான் அச்சடித்தோம்.

உடம்பைப் பாருங்கள்.

கிருபாகரன்


பதுளை
22.08.2023

அன்புள்ள கிருபாகரன்,

டெங்கு. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. அந்தக் கடைசி நாளில் நான் என்ன பேசினேன், யாரிடம் என்ன சொன்னேன் என்று எதுவும் நினைவில்லை. ஏதாவது தப்பாகச் சொல்லியிருந்தால் அது கொசு சொன்னது.

இன்றைக்குத்தான் அலுவலகம் வந்தேன். எனக்குக் கால் வீங்குகிறதென்று யாரோ புண்ணியவான் மேசைக்கு அடியில் கால் வைக்க ஏதோ போட்டு வைத்திருக்கிறார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

வேலை விஷயம். கொத்தனார்கள் ஒக்டோபர் தொடக்கத்தில் வருவார்கள். அதுவரை தகடுகள்தான் நம் உயிர். மழையில் துருப்பிடிக்க விடாதீர்கள், சேறு படவிடாதீர்கள், ஒன்றுகூடத் தொலையக் கூடாது. கல்லுக்கு ஒன்றும் ஆகாது, அது நூறு வருடம் மழையில் நின்றது. தகடுகளைக் கண்ணைப்போல் பாருங்கள்.

அழைப்பிதழ் கிடைத்தது. "ஆலயம், கரடிமலை" என்பதைப் பார்த்ததும் எனக்கு மீண்டும் காய்ச்சல் வந்தது.

சஜீவனி


புனித அந்தோனியார் துணை

கீழ்க்கணக்கு
18.09.2023

அன்புள்ள சஜீவனி மிஸ்,

நேற்று நீங்கள் வராமல் போனது எங்களுக்குப் பெரிய குறை. ஆயர் ஆண்டகை வந்து புதிய இடத்தில் அத்திவாரக் கல்லை மந்திரித்தார்! ஒரு வாரத்துக்கு முன்தான் பங்குச் சுவாமி சொன்னார். உடனே தோட்டமே எழுந்துவிட்டது. மேளம், சோடனை, வாழைமரம், ஐந்நூறு பேருக்குச் சோறு.

ஒரே ஒரு கவலை இருந்தது. பெரிய தெருவிலிருந்து புதிய இடத்துக்கு வரும் பாதை வெறும் மண். உங்களுக்குத் தெரியும், பெரிய தொரை வந்தாலே பாதையின் இரண்டு பக்கமும் கல் வைத்து வெள்ளையடிப்போம். ஆயர் வரும்போது மொட்டைப் பாதையா? கல்லுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மாரிசாமி அண்ணன்தான் சொன்னார்: "கண்ணு முன்னால சதுரம் சதுரமா இம்புட்டு கல்லு கெடக்கு, கல்லு தேடுறானுங்க பாரு!" கோவில் கல்லே ஆயரை எதிர்கொண்டு அழைத்தால் எவ்வளவு பொருத்தம்! எல்லாக் கற்களையும் பாதையோரம் இரண்டு வரிசையாக வைத்து, மூன்று பூச்சு சுண்ணாம்பு அடித்தோம். ஆயர் காரை நிறுத்தி இறங்கி நடந்தே வந்தார். இவ்வளவு சுத்தமான தோட்டத்தை அவர் பார்த்ததே இல்லையாம்.

நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை. சுண்ணாம்பு பட்டால் தகடு பாழாகுமே! ஒரு கல் விடாமல் தகட்டைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் பூசி, பெரிய பால்மா டின்னில் போட்டு, என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மொத்தம் நூற்றெண்பத்தைந்து. ஒன்றுகூடத் தொலையவில்லை.

மகிழ்ச்சியுடன்,
கிருபாகரன்


பதுளை
20.09.2023

கிருபாகரன்,

உங்கள் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். ஐந்தாம் தரம் ஜாபிரை வாசிக்கச் சொன்னேன், எனக்குத்தான் தமிழ் மறந்துவிட்டதோ என்று. அவனும் அதையே வாசித்தான்.

ஒரு வகுப்பில் நூற்றெண்பத்தாறு பிள்ளைகள். எல்லாரும் புதிது. ஒவ்வொருவர் கழுத்திலும் பெயர் அட்டை. நீங்கள் அட்டைகளையெல்லாம் கழற்றி, பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைத்து, எல்லார் முகத்திலும் ஒரே பவுடரைப் பூசிவிட்டு, "மிஸ், ஒரு பெயர்கூடத் தொலையவில்லை, டின்னில் இருக்கிறது" என்கிறீர்கள்.

எந்தத் தகடு எந்தக் கல்லுக்கு? சொல்லுங்கள் பார்ப்போம்.

போன் எடுத்தால் என்ன பேசுவேனென்று தெரியாததால்தான் எழுதுகிறேன். எண்ணினதிலும் ஒன்று குறைகிறது.

சஜீவனி


கீழ்க்கணக்கு
23.09.2023

சஜீவனி மிஸ்,

உங்கள் கடிதத்தை ஜுனைதீன் நானா கடையில் நின்றபடி பிரித்தேன். வாசித்து முடித்தபோது சீனி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது.

இப்போதுதான் புரிகிறது. சத்தியமாக அதற்கு முன் தோன்றவேயில்லை. நூறு பேர் வேலை செய்தோம், ஒருவர் மூளையிலும் உறைக்கவில்லை. "தகடுகள்தான் உயிர்" என்றீர்கள், உயிரை மட்டும் எடுத்து டின்னில் போட்டுவிட்டோம்.

மெடில்டாவுக்குச் சொன்னேன். முதலில் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதென்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சிரிப்பு தாங்காமல் போனைத் தூர வைத்திருக்கிறாள். "அந்த டின்ன கலியாணத்துக்கு மறக்காம கொண்டாங்க. தாலிய கட்டுன கையோட கழட்டி அதுல போட்டு பத்திரமா வைப்போம்" என்றாள். ஆனால் போனை வைக்கும்போது அவள் குரல் சரியில்லை. அவள் அப்பா பக்கத்தில் நின்று, "கல்ல காப்பாத்தத் தெரியாதவன் பொண்ண எப்புடி காப்பாத்துவான்?" என்றது எனக்கும் கேட்டது. அதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பெயின்ட் அடித்திருந்தால் சுண்ணாம்பைக் கழுவினாலே எண் தெரிந்திருக்கும். என் பிடிவாதம்தான் எல்லாம். மன்னித்துக்கொள்ளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள், மேல்கணக்கும் கீழ்க்கணக்கும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

கிருபாகரன்


பதுளை
27.09.2023

அன்புள்ள கிருபா அண்ணன்,

கோபம் ஆறிவிட்டது. ஆறின பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பத்து வயதில் எங்கள் லயத்துப் பாதையில் தொரை வருகிறாரென்று நானே கல்லுக்கு வெள்ளையடித்திருக்கிறேன். ஒரு வாளி சுண்ணாம்பு, ஒரு தும்புக்கட்டை, வேலை முடிந்தால் தின்ன ஒரு பணிஸ். தோட்டத்தில் சும்மா கிடக்கிற கல்லுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்தேன், மறந்துவிட்டேன். ஆகவே தப்பில் பாதி என்னுடையது.

"எதுக்கு இத்தன கடதாசி" என்று கேட்டீர்களே, இதற்குத்தான். கையால் செதுக்கின கல்லில் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகாது. நீளம் ஒத்தால் உயரம் ஒத்து வராது. இரண்டும் ஒத்தால் உளித் தடம் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு கல்லையும் திரும்ப அளந்து என் தாள்களோடு பொருத்தினால் அதன் எண் கிடைத்துவிடும். தனியாகச் செய்தால் இரண்டு மாதம். நூறு பேர் செய்தால் இரண்டு ஞாயிறு.

ஒக்டோபர் எட்டாம் திகதி வருகிறேன். அதற்குள் சுண்ணாம்பு முழுவதையும் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவி வையுங்கள். இரும்புத் தூரிகை தொடக் கூடாது. வீட்டுக்கு வீடு அளவு நாடா எடுத்து வரச் சொல்லுங்கள், தையல் நாடாவானாலும் சரி. பால்மா டின்னை நீங்களே மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். தகடு கட்டும் வேலை உங்களுக்கு மட்டும்தான். தண்டனை.

சஜீவனி


புனித அந்தோனியார் துணை

கீழ்க்கணக்கு
19.10.2023

அன்புள்ள சஜீவனி மிஸ்,

நீங்கள் போன பிறகும் தோட்டம் அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது. திருவிழாவில்கூட இவ்வளவு சத்தம் இருந்ததில்லை. "நீளம் ஒன்னு எட்டு! ஒசரம் ஒம்பதர!" என்று ஒரு பக்கம் கூவ, நீங்கள் தாளைப் புரட்ட, "மூனாம் வரி, நாலாவது!" என்று சொன்னதும் எல்லாரும் கை தட்ட, நான் டின்னுக்குள் கையை விட்டுத் துழாவ... முதல் நாள் நாடா பிடித்த பெண்கள் இரண்டாம் நாள் நாடாவைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். சாணால் அளந்தே சொன்னார்கள், நீங்கள் சரிபார்த்துப் பார்த்து அலுத்துப்போனீர்கள். வருடக்கணக்காகக் கண்ணாலேயே கொழுந்தை அளந்து கிள்ளுகிற கை அது. இப்போது சின்னப் பிள்ளைகள்கூட லயத்துப் படிக்கல்லை அளந்து, "இது எந்தச் சாமி?" என்று கேட்கிறார்கள்.

மெடில்டாவையும் அவள் அப்பாவையும் நீங்கள்தான் வரச் சொன்னீர்கள் என்று பிறகு தெரிந்தது. மனிதர் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்து மணிக்கு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்தார். மத்தியானச் சோற்றுக்குக் கூப்பிட்டபோது, "இருங்க, இந்த வரி முடியட்டும்" என்றார். கொத்தனார்களும் வந்து சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது.

ஆனால் மிஸ், டின்னில் தகடும் தீர்ந்துவிட்டது, பாதையில் கல்லும் தீர்ந்துவிட்டது. வளைவின் உச்சிக் கல் மட்டும் இல்லை. நானும் நூற்றெண்பத்தைந்தை எண்ணிப் பெருமைப்பட்டேனே தவிர நூற்றெண்பத்தாறு என்பதை மறந்துவிட்டேன். அது இல்லாமல் வளைவு மூடாது, வளைவு மூடாமல் மேலே ஒரு கல்லும் ஏறாது என்கிறார் மேஸ்திரி. புதுக் கல் செதுக்கலாம் என்கிறார். மெடில்டா கேட்கவில்லை. சம்மதம் சொன்ன அன்று அண்ணாந்து பார்த்தது அந்தச் சிலுவையைத்தானாம்.

தேடாத இடமில்லை. பீலிக்கரையில் துணி துவைக்கிற கல் எல்லாவற்றையும் புரட்டினோம். அம்மிக்கல்லையும் விடவில்லை. லொறிக்காரன் வீடு வரை போனோம், பாவம், அவன் அந்தோனியார் மேல் சத்தியம் செய்தான். தொலைந்ததைத் தேடிக்கொடுக்கிற புனிதர் என்று உலகமே அவரிடம் போகிறது, அவர் வீட்டுக் கல்லையே காணோம் என்றால் நாங்கள் எங்கே போவது? ஜுனைதீன் நானா கடையில் ஒரு பெட்டி மெழுகுதிரி வாங்கி மொத்தமாகக் கொளுத்தினேன்.

நவம்பர் முதல் வாரம் தாண்டினால் கூரை முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

கிருபாகரன்


பதுளை
31.10.2023

அன்புள்ள கிருபா அண்ணனுக்கு,

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சிரிப்பும் அடங்கவில்லை.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து என் தாள்கள், படங்கள், குறிப்புகள் எல்லாவற்றையும் கிண்டிவிட்டேன். நேற்று ஜாபிரிடம், "கடைசி நாள் லொறியில் ஏற்றும்போது நீயும் நின்றாய்தானே, உச்சிக் கல்லைப் பார்த்தாயா?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. "மிஸ்தானே காய்ச்சலோட சொன்னீங்க, அந்த எழுத்துக் கல்ல வேன்ல ஏத்து, வெயில்ல வெச்சு படி எடுக்கணும்னு? சாக்கு சுத்தி மேச அடியிலதான் வெச்சேன். தெனமும் கால் வெச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க!"

ஆம். அந்தப் புண்ணியவான் ஜாபிர். இரண்டு மாதத்துக்கு மேலாக நான் கால் வைத்துக்கொண்டிருந்தது உங்கள் உச்சிக் கல். "ஒன்று குறைகிறது" என்று உங்களுக்கு எழுதினேனே, அது அதன் மேல் காலை வைத்துக்கொண்டு எழுதியது. நூற்றெண்பத்தாறாவது தகடும் கம்பியோடு சாக்குக்குள் பத்திரமாக இருக்கிறது. தகட்டைக் கழற்றாமல் கல்லையே தொலைத்தவள் நான். டின் உங்களுக்கு, சாக்கு எனக்கு. இனி ஒருவரையொருவர் ஒன்றும் சொல்ல முடியாது.

இன்று காலை மாடியில் வெயிலில் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். எழுத்து தெரிந்தது. எல்லாரும் நினைத்ததற்கு மாறாக அது தொரையின் பெயர் இல்லை, இங்கிலீசும் இல்லை. சிலுவைக்குக் கீழே தமிழில், சின்னதாக: சவரிமுத்து, 1887. செதுக்கினவன் தன் பெயரைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். அந்தப் பெயரை வாசித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் மேல் கால் வைத்ததை நினைத்து இன்னும் கொஞ்சம் வந்தது.

நாளை காலை முதல் பஸ்ஸில் கல்லோடு வருகிறேன். வேன் பழுது. தூக்குவதற்கு ஜாபிர் வருகிறான். நானா கடை வாசலில் ஆள் நிற்கட்டும். இந்தக் கடிதத்தை இன்று மாலைப் பஸ்ஸில் கண்டக்டர் சுரேஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் மாமனாரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
சஜீவனி


புனித அந்தோனியார் துணை

கீழ்க்கணக்கு
02.12.2023

அன்புள்ள தங்கச்சி சஜீவனிக்கு,

நாளை திருவருகைக் காலம் தொடங்குகிறது. நான் ஒரு வாரத்துக்கு முன்பே கலியாணக்காரன். நீங்கள் முன்வரிசையில் நின்றும் இதை எழுத வேண்டும் போலிருந்தது. எழுத்தில் தந்தால்தானே உங்களுக்குச் செல்லும்.

உச்சிக் கல்லை நவம்பர் மூன்றாம் திகதி பின்னேரம் மேஸ்திரி இறக்கி வைத்தபோது "டக்" என்று ஒரு சத்தம் வந்ததே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை. நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு மூக்கைச் சிந்தினீர்கள். கலியாணத்தன்று வாசலில் மெடில்டா நின்றுவிட்டாள். எல்லாரும் பயந்துபோனோம். அவள் அண்ணாந்து பார்த்து, "சவரிமுத்து தாத்தா, உள்ள போயிட்டு வாறோம்" என்றாள். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்த மூனாம் வரி நாலாவது நான் அளந்தது" என்று பக்கத்தில் நின்றவர்களுக்குக் காட்டினாராம். இப்போது ஹாலிஎலயில் அவர் சொல்வதைக் கேட்டால் கோவிலையே அவர்தான் கட்டியிருக்கிறார்.

பால்மா டின் வீட்டில் இருக்கிறது. நூற்றெண்பத்தாறு தகடும் உள்ளே. மெடில்டா அதை அலுமாரி மேல் மாதாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். கோபம் வந்தால் எடுத்துக் குலுக்கிக் காட்டுகிறாள். ஒரு வாரத்தில் இரண்டு தரம் குலுக்கியாயிற்று.

நத்தார் பண்டிகைக்குக் கோவில் முகப்புக்கு வெள்ளையடிக்கலாமா என்று கமிட்டியில் கேட்டார்கள். உங்களிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நான் கேட்கவில்லை. பதிலும் எழுத வேண்டாம்.

சுரேஸின் பஸ்ஸில் ஒரு சாமான் அனுப்பியிருக்கிறேன். பாரமாக இருக்கும், ஜாபிரைத் தூக்கச் சொல்லுங்கள். உச்சிக் கல்லை நாங்கள் எடுத்துக்கொண்டதும் உங்கள் மேசைக்கு அடி வெறுமையாகிவிட்டதே என்று மெடில்டாவுக்குக் கவலை. இது பாதையோரத்துக் கல். சாமி கல் இல்லை, தாராளமாகக் கால் வைக்கலாம். மாரிசாமி அண்ணன் மூன்று பூச்சு வெள்ளையடித்திருக்கிறார்.

புதுத் தகடு ஒன்று கட்டியிருக்கிறேன். கழற்றிவிடாதீர்கள்.

அன்பு அண்ணன்,
கிருபாகரன்